அஞ்சாம் நம்பர் உடம்பு

கடைசியாக மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக் கைப்பையின் மேல் வைத்துவிட்டு அவள் எடை இயந்திரத்தில் ஏறினாள். செருப்பு, கைக்கடிகாரம், கொண்டை ஊசிகள் எல்லாம் முன்பே கழன்று மருந்துக்கடை நாற்காலியில் குவிந்திருந்தன. ஏறிய பிறகுதான் கண்ணாடி இல்லாமல் எண் தெரியாது என்பது உறைத்தது. காலடியில் சிவப்பாக ஏதோ கலங்கித் தெரிந்தது. இறங்கினால் மறுபடி ஏற வேண்டும். மறுபடி ஏறினால் நூறு கிராம் கூடிவிடலாம். இந்த இயந்திரத்தின் குணம் அவளுக்குத் தெரியும்.

"தம்பி, என்ன காட்டுதுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

மருந்துக்கடைக்காரர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு மாதமாக ஒவ்வொரு புதன்கிழமையும் காலை எட்டே காலுக்கு இவள் வந்து, நாற்காலியில் கடை விரித்துவிட்டு ஏறி இறங்குவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

"அறுபத்து நாலு, புள்ளி ஒம்போது."

"சரியாப் பாருங்க. நான் அசையறேனா?"

"நீங்க அசையல. நான் குனிஞ்சு குனிஞ்சு பாத்து எனக்குத்தான் தலை சுத்துது. அறுபத்து நாலு புள்ளி ஒம்போதுதான். இன்னும் எவ்வளவுதான் குறைக்கப் போறீங்க? காத்தடிச்சா புடிச்சுக்க ஆளு வேணும் உங்களுக்கு."

"இவ்வளவுதான். இதோட சரி."

"அப்ப அடுத்த புதன்கிழமை வர மாட்டீங்க?"

அதை அவள் யோசித்திருக்கவில்லை. செருப்பை மாட்டினாள், கொண்டையைச் செருகினாள். கடிகாரத்தின் வார் கடைசித் துளைக்கும் அப்பால், வீட்டில் ஆணியால் குத்திய துளையில் வந்து நின்றது. கண்ணாடியை மாட்டியதும் முதலில் இயந்திரத்தைத்தான் பார்த்தாள். அதற்குள் எண் அணைந்து பூஜ்யம் வந்திருந்தது. ஆக, அந்த எண்ணை அவள் தன் கண்ணால் பார்க்கவேயில்லை.

கடைக்குப் பன்னிரண்டு நிமிட நடை. ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டே நடந்தாள். அழுகையாக இருக்கலாம், சிரிப்பாக இருக்கலாம், குறைந்தது நெஞ்சில் ஒரு படபடப்பாவது. பழக்கடையைத் தாண்டினாள், சைக்கிள் கடையைத் தாண்டினாள், பள்ளிக்கூட மதில் முழுவதும் நடந்து தீர்த்தாள். ஒன்றும் வரவில்லை. பசித்தது. அது எப்போதும் இருப்பதுதான். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அதனால்தான் என்று சமாதானம் செய்துகொண்டாள். முதலில் யாரிடம் சொல்வது என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. முதலாளியம்மாவிடம். அந்த எண்ணை வைத்தவர் அவர்தான்.

வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சீருடை தைக்கும் கடை. முன் மேசையில் அளவெடுக்க ஆள் தேவை என்று கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு இவள் உள்ளே போனாள். அளவெடுப்பது கைவந்த வேலை. அம்மா தையல்காரி; பொம்மைக்குப் பதிலாக டேப்பை வைத்து விளையாடி வளர்ந்தவள் இவள். எதிரே வருகிற ஆளின் மார்பளவை அரை அங்குலம் முன்னே பின்னே சொல்லிவிடுவாள். முதலாளியம்மா சோதித்துப் பார்த்தார். வந்த மூன்று பேரை அளக்கச் சொன்னார். மூன்றும் சரி. "நல்ல கை" என்றார். பிறகு அவளை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நீங்க உக்காந்தா வெளிய இருந்து கடையே தெரியாது."

அவளும் சேர்ந்து சிரித்தாள். குண்டாக இருப்பவர்கள் அந்தச் சிரிப்பைப் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடுகிறார்கள். அடுத்தவர் சொல்லி முடிப்பதற்குள் முந்திக்கொண்டு சிரிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அழுகையாகிவிடும்.

"பின்னாடி பட்டன், காஜா வேலை இருக்கு. அதைப் பாருங்க. உடம்பைக் குறைச்சுக்கிட்டு அறுபத்தஞ்சுக்கு வாங்க, முன் நாற்காலி உங்களுக்குத்தான்."

ஏன் அறுபத்தைந்து என்று அவள் கேட்கவில்லை. முதலாளியம்மாவின் சொந்த எடை அதுவாக இருக்கும் என்று பின்னால் தோன்றியது.

முன்னறையில் குளிர்பதனப் பெட்டி, சுழல் நாற்காலி, நீள நோட்டு, செடி வைத்த தொட்டி. ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்பது தையல் இயந்திரங்களும் இரண்டு மின்விசிறிகளும் வெட்டு மேசையும் இஸ்திரி மேசையும். ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கெட்டும். அங்கே ஒரு முக்காலியில் பத்து வருஷம் காஜா எடுத்தாள், பட்டன் தைத்தாள். அது தவிர இன்னொரு வேலையும் அவளைத் தேடிக்கொண்டு வந்தது.

கடையில் ஐந்து அளவுகள். ஒன்று முதல் நான்கு வரை துணி போட்டுப் பார்க்கத் தலையில்லாத பொம்மைகள் இருந்தன. அஞ்சாம் நம்பருக்குப் பொம்மை இல்லை. வாங்க நினைத்திருந்த சமயத்தில் இவள் வந்துவிட்டாள், பிறகு யாரும் வாங்க நினைக்கவில்லை. புது மாடல் எது வந்தாலும் அஞ்சாம் நம்பர் சாம்பிளை இவளுக்கு மாட்டி, ஒரு பலகை மேல் நிற்கவைத்து, கட்டிங் மாஸ்டர் குண்டூசி குத்திச் சரிபார்ப்பார். ஊசி நின்ற இடத்தில் சுண்ணக்கோடு. அந்தக் கோட்டின்படி காகிதம், காகிதத்தின்படி துணி. "அஞ்சக்கா இருக்கும்போது டேப்பு எதுக்கு?" என்பார் மாஸ்டர். அவளைச் சுற்றி வந்து ஊசி குத்திக்கொண்டே அவள் தோளுக்கு மேலாக மற்றவர்களோடு பேசுவார், வீட்டுச் சண்டையைச் சொல்வார், யாரையாவது கெட்ட வார்த்தையில் திட்டுவார். சுவருக்கு முன்னால் திட்டுவதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை. முடிந்ததும் அளவு அட்டையில் 'அஞ்சு – சரி' என்று எழுதி அவள் கையெழுத்துப் போட வேண்டும். நின்ற அரை மணி நேரத்துக்குத் தனியாக ஒரு டீ உண்டு. அஞ்சக்கா என்ற பெயர் இப்படி வந்தது. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

இருபத்திரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், முன் மேசையில் இருக்கும் பெண் கல்யாணம் முடிந்ததும் வெளிநாடு போய்விடுவாள் என்று பேச்சு அடிபட்டது. எப்போது என்பதுதான் தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு அங்கே வீடு கிடைக்க வேண்டுமாம். அன்று சாயங்காலம் இவள் தடுப்பைத் தாண்டிப் போய் முதலாளியம்மாவிடம் பழைய பேச்சை ஞாபகப்படுத்தினாள். முதலாளியம்மா போனில் எதையோ தேடிக்கொண்டே, "சொன்னா சொன்னதுதான். அறுபத்தஞ்சு" என்றார். மறுநாள் புதன்கிழமை. மருந்துக்கடை இயந்திரம் தொண்ணூற்று நாலு காட்டியது.

அதன் பிறகு அவள் சாப்பிட்டதை எல்லாம் பரப்ப ஒரு சின்ன மேசை போதும். காலையில் ரெண்டு துண்டு ரொட்டி. மதியம் மஞ்சள் கரு எடுத்துவிட்ட முட்டையும் வெள்ளரிக்காயும். மாலையில் வெறும் காய் வேகவைத்த தண்ணீர். பேருந்தில் ரெண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கி நடந்தாள். விருந்து வீடுகளில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அப்படியே கீழே வைத்தாள். அடுப்பில் கணவருக்குச் சமைப்பதை முகர்ந்து பார்த்து, அந்த வாசனையோடு எச்சிலை விழுங்கிக்கொண்டு தூங்கப் போனாள். முதல் பத்துக் கிலோ போன வேகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த பத்துக்குக் காரணம் விசாரித்தார்கள். அதற்கப்புறம் ரகசியமாக, "டாக்டரைப் பாத்தியா?" என்று கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்த நாற்காலி எப்படிச் சுழலும், அதன் கைப்பிடியில் முழங்கை எந்த இடத்தில் படியும் என்பதெல்லாம் அவளுக்கு உட்காராமலே பழகியிருந்தது. கண்ணாடி வழியாகத் தெரு தெரியும். வருகிறவர்கள் அவளைப் பார்த்து "வணக்கம்" என்பார்கள். அவள் எழுந்து, டேப்பை உருவி, "கையைத் தூக்குங்க" என்பாள். அளக்கிறவள் அவளாக இருப்பாள்.

இப்போது மாதம் முடிய நாலு நாள்தான் இருந்தது. முன் மேசைப் பெண்ணுக்கு விமானச் சீட்டு வந்துவிட்டது.

கடையில் இஸ்திரிக்காரம்மா மட்டும் வந்திருந்தாள். பெட்டியைச் சூடேற்றிவிட்டு, ஒரு விரலில் எச்சில் தொட்டு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருமனான பெண், பெரிய வாய், பின்கட்டில் இவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி.

"என்னடி அஞ்சு, மூஞ்சி ஒரு தினுசா இருக்கு?"

"அறுபத்து நாலு, ஒம்போது."

"அடிப்பாவி!" பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து இவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "முப்பது கிலோடி! என் மூத்தவ பத்து வயசுல அவ்வளவுதான் இருந்தா. ஒரு முழுப் புள்ளயைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சிருக்கே இவ்வளவு நாளும்."

"மெதுவாப் பேசு. மேடம்கிட்ட இன்னும் சொல்லல."

"சொன்னா? எந்திரிச்சு நின்னு கை தட்டுவாங்களா?"

"நாற்காலி தருவாங்க."

இஸ்திரிக்காரம்மா மேசைப் பக்கம் திரும்பினாள். ஒரு கால்சட்டையை மேசையில் நீவிப் போட்டாள். "கேளு, கேக்கறதுல என்ன. ஆனா கொஞ்சம் முகத்தைக் கழுவிட்டுப் போ. கன்னம் ரெண்டும் உள்ள போய்க் கெடக்கு."

"இளைச்சா அப்படித்தான் இருக்கும்."

"இளைக்கிறது வேற. நீ காஞ்சு போயிருக்கே."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். பத்தரைக்கு முதலாளியம்மா வருவார். வந்ததும் டீ குடிப்பார். டீ குடித்து முடிக்கும்போது போனால் சரியாக இருக்கும். பத்தரை ஆயிற்று. முதலாளியம்மாவுக்குப் பின்னாலேயே ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து மூட்டைகள் இறங்கின. நீலக் கோட்டுகள். மூட்டையின் மேல் ஆஸ்பத்திரியின் சீட்டு ஒட்டியிருந்தது.

மூட்டை பிரிக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றில் இருந்த பசி சட்டென்று நின்றது.

இரண்டு மாதத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரி உதவியாளர்களுக்கான அந்த நீலக் கோட்டின் சாம்பிளைப் போட்டுக்கொண்டு அவள் பலகையில் ஏறி நின்றாள். அவள் இளைக்கத் தொடங்கிய பிறகு வந்த முதல் புது மாடல் அது. அப்போது அறுபத்தெட்டு கிலோ. கோட்டு அவள் மேல் கொடியில் காய்கிற மாதிரி தொங்கியது. மாஸ்டர் சுற்றி வந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "என்னது, இவ்வளவு தொளதொளன்னு இருக்கு? சாம்பிள் தைச்சவன் தூங்கிட்டான் போல" என்றபடி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டார். அவர்தான் அன்று காலையில் இவளைப் பார்த்ததும், "அஞ்சக்கா, நீங்க இனிமே மூணக்கா" என்று கேலி செய்தவர். கேலி செய்த வாய்க்கும் ஊசி குத்துகிற கைக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை. பதினொரு வருஷமாக அந்தக் கைக்கு அவள் அஞ்சாம் நம்பர். அவள் மேல் தொளதொளத்தால் துணிதான் தப்பு.

இடது பக்கம் முதல் ஊசி. அவள் வாயைத் திறந்தாள். "மாஸ்டர்" என்று சொல்லக்கூடச் சொன்னாள்.

"ம்ம், அசையாதீங்க" என்றார் ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

இரண்டாவது ஊசி. துணி அவள் பக்கமாக நெருங்கி வந்தது. பிறந்ததிலிருந்து அவளுக்காகத் துணியைப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், பக்கவாட்டில் பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள், "இதுக்கு மேல உள்ள துணி இல்லம்மா" என்று கைவிரித்திருக்கிறார்கள். அம்மாவேகூட. பிடித்துக் குறைத்தவர் யாரும் இல்லை. மூன்று, நான்கு, ஐந்து. வலது பக்கம் ஆறு. எதிரே நாலாம் நம்பர் பொம்மை தலையில்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பதினோராவது ஊசி முதுகில் ஏறியபோது அவள் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தியிருந்தாள், இன்னும் ஒரு ஊசிக்கு இடம் வருமா என்று. காது மடல் சூடாகியிருந்தது. சின்னப் பெண் மாதிரி இருந்தது. பிறகு டீ வந்தது. அட்டையில் 'அஞ்சு – சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது தெரியும், அது சரியில்லை என்று. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளே துணி வெட்டிவிட்டார்கள்.

முதலாளியம்மா ஒரு கோட்டைக் கையில் பிடித்தபடி தடுப்பைத் தாண்டி வந்தார்.

"மாஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க. அஞ்சாம் நம்பர் நூத்திப்பத்தும் திரும்பி வந்திருக்கு. ஒருத்தருக்கும் பட்டன் போட முடியலையாம். ஒருத்தர் நோயாளியைத் தூக்கக் குனிஞ்சாராம், முதுகு கிழிஞ்சுடுச்சாம். நோயாளி சிரிச்சாராம். அதையும் போன்ல எங்கிட்டச் சொல்றாங்க."

மாஸ்டர் இந்த முறை டேப்பை எடுத்தார். மார்பில் ஓட்டினார், இடுப்பில் ஓட்டினார். "அஞ்சரை அங்குலம் கம்மி." காகிதத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். "காகிதப்படிதான் வெட்டியிருக்கு."

"காகிதம் யாரு போட்டது?"

"நான்தான் மேடம். சாம்பிள் போட்டுப் பாத்து சரின்னு எழுதுனது அஞ்சக்கா."

அட்டை வந்தது. கையெழுத்து இருந்தது. ஒன்பது இயந்திரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"நீங்க இவங்களைக் கண்ணால பாக்கறீங்களா இல்லையா மாஸ்டர்?"

"தினம் பாக்கறேன். தினம் பாக்கறதாலதான் மேடம் தெரியல" என்றார் மாஸ்டர். பொய் இல்லை அது. "இவங்கதான் சொல்லியிருக்கணும். உடம்பு இவங்களோடது."

முதலாளியம்மா இவள் பக்கம் திரும்பினார். "நீங்க இளைச்சது தெருவுக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

அதற்குப் பதில் இருந்தது. ஒன்பது இயந்திரங்களுக்கு முன்னால் சொல்லக்கூடிய பதிலாக இல்லை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயில், காலையிலிருந்து தயாராக வைத்திருந்த வாக்கியம் மட்டும்தான் இருந்தது. அது வந்து விழுந்தது.

"மேடம், இன்னைக்கு அறுபத்தஞ்சுக்கு வந்துட்டேன்."

"என்ன அறுபத்தஞ்சு?"

"எடை. நீங்க சொன்னீங்களே. முன் நாற்காலிக்கு."

மாஸ்டர் இருமுகிற மாதிரி சிரித்தார். முதலாளியம்மா சிரிக்கவில்லை. உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தார். கண்ணை ஒரு பக்கம் ஒதுக்கி, உதட்டை மடித்து, மெனக்கெட்டுத் தேடினார். கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர் மறுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"நானா சொன்னேன்? ஏதாவது பேச்சுக்குச் சொல்லியிருப்பேன். அதுக்காகவா இப்படிப் பண்ணிக்கிட்டீங்க?" குரலில் கோபம் போய் இரக்கம் வந்திருந்தது. "கண்ணாடியில பாத்தீங்களா உங்களை? முன்னாடி உக்காரணும்னா முகத்துல கொஞ்சம் தெளிவு வேணும்மா. வர்றவங்க, இந்தப் பொம்பளைக்கு ஏதோ பெரிய வியாதின்னு நினைப்பாங்க. முன்ன எவ்வளவு நல்லா இருந்தீங்க. பாத்தாலே ஒரு களை இருக்கும்."

"அந்த நாற்காலி..."

"அதுக்கு என் தங்கச்சி மக வர்றா. நாளைக்கே வந்து வேலை பழகிக்கறேன்னிருக்கா." கோட்டை மேசையில் போட்டார். "இப்ப இதுக்கு வழி பாருங்க. எல்லாத்தையும் பிரிச்சுக் கையடியில பட்டை வெச்சுத் தைக்கணும். பிரிக்கிறது நீங்க. நாளைக்கு ஆரம்பிச்சு சனிக்கிழமைக்குள்ள." தடுப்பு வரை போய் நின்று திரும்பினார். "மாஸ்டர், இனிமே அஞ்சாம் நம்பருக்கு யாரை நிறுத்துவீங்க?"

மாஸ்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் இஸ்திரி மேசையில் போய் நின்றது. எல்லோர் கண்ணும் அங்கே போயிற்று.

"அய்யய்யோ, என்னையா? எனக்கு இடுப்பு மட்டும்தான் மாஸ்டர் பெருசு" என்றாள் இஸ்திரிக்காரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். முந்திக்கொண்டு சிரித்தது இஸ்திரிக்காரம்மாதான்.

சாயங்காலம் பேருந்தில் வீட்டு நிறுத்தம் வரைக்கும் உட்கார்ந்தே வந்தாள். வீட்டில் கணவர் காலை நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகாது.

"அறுபத்தஞ்சு வந்தாச்சு" என்றாள்.

"அப்பாடா. அப்ப இனிமே வீட்டுல எண்ணெய் வாங்கலாம்."

அவள் நடந்ததைச் சொன்னாள். ஊசியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார். படத்தை நிறுத்தவில்லை.

"நாற்காலி இல்லன்னா போகுது விடு. என்ன கெட்டுப்போச்சு? எனக்கு நீ எப்பவும் ஒரு குறையாத் தெரிஞ்சதில்ல. குண்டா இருந்தப்பவும் சரி."

அவள் அவரையே பார்த்தாள். "இத்தனை வருஷத்துல ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலையே."

அவர் சத்தத்தைக் கூட்டினார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உடை மாற்றினாள். பீரோக் கண்ணாடி கழுத்திலிருந்து முழங்கால் வரைதான் காட்டும். மேல்கையில் தோல் தொங்கியது. வயிற்றில் அது மடிந்து மடிந்து கிடந்தது, உள்ளே இருந்தவள் அவசரமாகக் கிளம்பிப்போய்விட்ட மாதிரி. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் வந்தது. விட்டால் மெதுவாகத் திரும்பிப் போயிற்று. இதைப் பிடித்துத் தைக்க எந்த மாஸ்டரும் இல்லை. இருபத்திரண்டு மாதமாக அவள் தன்னோடு ஒரு ஒப்பந்தத்தில் இருந்தாள்: இன்றைக்குப் பசி, அன்றைக்குச் சந்தோஷம். அந்த அன்றைக்கு இன்றைக்குத்தான். எங்கே அது என்று தேடினாள். நிதானமாக, நாள் முழுவதையும் பின்னோக்கிப் புரட்டி, மருந்துக்கடை வரை போய்த் தேடினாள். அங்கேயும் இல்லை. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அது முன்பே வந்து போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு முன்பு, ஒரு பலகை மேல், பதினொரு ஊசி நேரம். அதற்கு விலை நூற்றுப்பத்துக் கோட்டு. யாரிடமும் காட்டவும் முடியாது. அவள் வாழ்க்கையில் கிடைத்த அந்த ஒன்று, ஒரு தப்பாகத்தான் கிடைத்திருக்கிறது.

சமையலறைக்கு வந்து கணவருக்கு வைத்திருந்ததில் பாதியை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். ஆசையாகத்தான் முதல் வாய் வைத்தாள். நாலாவது வாய்க்கு மேல் இறங்கவில்லை. வயிறு சுருங்கிப்போயிருந்தது, அதற்கு நாற்காலி விஷயம் எதுவும் தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. அவள் ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனாள். மூட்டைகளை மாஸ்டர் ஜன்னல் பக்கம் அடுக்கி வைத்திருந்தார். பிளேடை வைத்துப் பக்கத் தையலையும் கைத் தையலையும் பிரித்தாள். ஒரு கோட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. பட்டைக்கான துணி பதினொரு மணிக்கு வந்தது. நீலம் கொஞ்சம் வெளிறியிருந்தது. கையடியில்தானே, தெரியாது என்றார் முதலாளியம்மா.

பன்னிரண்டு மணிக்கு மாஸ்டர் இஸ்திரிக்காரம்மாவைப் பலகையில் நிற்கவைத்து, பட்டை வைத்த கோட்டைப் போட்டுப் பார்த்தார். டேப்பால் மூன்று முறை அளந்தார். இஸ்திரிக்காரம்மாவுக்கு டீ வந்தது. அதில் பாதியை அவள் ஒரு மூடியில் ஊற்றி இவளிடம் நீட்டினாள். இவள் வேண்டாம் என்றாள். "கோவமாடி?" என்றாள் அவள். "சர்க்கரை போட்டிருக்கும்" என்றாள் இவள்.

மதியத்துக்கு மேல் முதலாளியம்மாவின் தங்கை மகள் வந்தாள். முன் மேசைப் பெண் அவளுக்கு நோட்டைக் காட்டினாள். வந்தவளுக்கு டேப்பில் அங்குலம் எந்தப் பக்கம், சென்டிமீட்டர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. முதலாளியம்மா தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அஞ்சக்கா, கொஞ்சம் வந்து இவளுக்குச் சொல்லிக் குடுங்க" என்றார். அவள் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். நின்றபடியே சொல்லிக் கொடுத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்து பிளேடை எடுத்தாள்.

ஆறு மணிக்குக் கடை மூடினார்கள். அன்று முப்பத்து நான்கு பிரித்திருந்தாள். எழுபத்தாறு மிச்சம்.